பழம்பொருள் அல்ல

மே 12, திங்கள்

இன்று சேர்ந்துவிட்டேன். வேலை என்று சொல்லக் கூடாது, பயிற்சி. எம்.ஏ. கலை வரலாறு படிக்கிறவர்கள் கடைசிப் பருவத்தில் இரண்டு மாதம் எங்காவது போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். ஷாலினி மும்பையில் ஓர் ஏலக் கம்பெனியில் இருக்கிறாள். இம்மானுவேல் வீடியோ கேம் தயாரிக்கிற இடத்தில், பழைய காலத்துத் தெரு எப்படி இருந்திருக்கும் என்று வரைபவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் அறைத்தோழி ஹேமா வங்கித் தேர்வுக்குப் படிப்பதையே பயிற்சி என்று சொல்லிக்கொள்கிறாள். எனக்குக் கிடைத்தது சென்னையில் இந்த அரசு அலுவலகம்.

இங்கே நடப்பது இதுதான். வெளிநாடு போகிறவர்கள் சாமி சிலை, விளக்கு, ஓவியம் என்று எதையாவது கையோடு கொண்டுபோக ஆசைப்படுகிறார்கள். அதற்கு நூறு வயது ஆகியிருந்தால் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. சட்டம். ஆகவில்லை என்றால் ‘இது பழம்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் கொடுத்து, பொருளில் முத்திரை வைத்து அனுப்புவார்கள். இரண்டு வருடமாக எது பழையது என்று படித்தேன். இங்கே எது பழையதில்லை என்று சொல்ல வேண்டும்.

அதிகாரி ஜெசிந்தா மேடம். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: “எதையும் தொடறதுக்கு முன்னாடி கைய கழுவு. தொட்டப்புறமும் கழுவு.”

இன்று ஒரு பெட்டி நிறைய நடராஜர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் இடது முழங்காலில் ஒரே பள்ளம். ஒரே அச்சு. ஒரு கிராமபோனும் வந்தது. அதன் பெட்டி தையல் மெஷின் பெட்டி. கொண்டுவந்தவருக்கு அது தெரியாது. நான்தான் கண்டுபிடித்தேன். அறைக்கு வரும் வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நாமக்கல்லிலிருந்து அப்பா பேசினார். “சாமி சிலையப் பாத்து இது பழசில்லேன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசா?” என்றார். அப்பா லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மா போய்விட்டார். நானும் படிக்க வந்த பிறகு வீட்டில் அவர் மட்டும்தான்.

மே 16, வெள்ளி

மின்வெட்டு. டார்ச் வெளிச்சத்தில் பித்தளைக் குத்துவிளக்குகள் பார்த்தோம். சாய்வாக அடிக்கிற வெளிச்சத்தில் உளித் தழும்பும் அரத் தழும்பும் வேறுவேறாகத் தெரிகின்றன. மின்சாரம் வந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மே 20, செவ்வாய்

கல்கத்தாவிலிருந்து மின்னஞ்சல். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இரண்டு வருடப் பயிற்சி வேலை. குளிர்காலத்தில் விண்ணப்பித்ததை நானே மறந்துவிட்டேன். தேர்வு செய்திருக்கிறார்கள். ஜூன் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். சேமிப்பு அறையில் யாரும் சரியாகப் பார்க்காமல் கிடக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அடையாளம் காணும் வேலை.

போக முடியாது. அப்பாவால் தனியாக முடியாது. இப்போதே ஊருக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். கல்கத்தா என்றால் கேட்கவே வேண்டாம்.

மாலையில் அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். வாக்கிங் நண்பர்களோடு ஏற்காட்டுக்குப் போயிருக்கிறாராம், இரண்டு நாள் கழித்துத்தான் திரும்புவாராம். பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இந்த வயதில் சாப்பாட்டுக்கு எப்படிச் சமாளிக்கிறாரோ. கல்கத்தா விஷயத்தைச் சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மே 22, வியாழன்

இன்று ஒரு தஞ்சாவூர் ஓவியம் வந்தது. வந்ததிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கொண்டுவந்தவர்கள் அம்மாவும் மகனும். அம்மா பெயர் சுலோசனா, எழுபதைத் தாண்டியவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூரில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. மகன் முரளிதர் கனடாவில் இருக்கிறார். அம்மாவைக் கையோடு அழைத்துப் போவதற்காக விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். வீட்டை விற்கவும் பேசி முடித்தாயிற்று.

“இந்தப் படம் வந்தாத்தான் நான் வருவேன்னு சொல்லிட்டாங்க மேடம்” என்றார் முரளிதர். “ஜூன் பதினெட்டு டிக்கெட். அதுக்குள்ள கெடைக்குமா?”

ஜெசிந்தா மேடம், “கமிட்டி கூடணும் சார்” என்றார்.

சுலோசனாம்மா என் பக்கம் திரும்பினார். “நல்லாப் பாரும்மா. ரொம்பப் பழசு. இருநூறு வருஷம். தஞ்சாவூர் ராஜா அரண்மனையிலேருந்து வந்தது.”

“அம்மா, பழசு பழசுன்னு சொல்லாதீங்க. அப்புறம் குடுக்க மாட்டாங்க.”

“உண்மையச் சொல்ல வேணாமா முரளி?”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு நேர்மையாக இருப்பதால் இவருக்குப் படம் கிடைக்காமல் போய்விடப் போகிறதே என்று நினைத்தேன்.

படம்: தவழும் கண்ணன், பக்கத்தில் யசோதை. பலாப்பலகை, மேலே துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் வைத்து மேடாக்கிய நகைகள், அதன்மேல் தங்கத் தகடு. கண்ணனின் முகம் உருண்டை. யசோதையின் புடவையில் ஒரு பச்சை, அந்தப் பச்சையை இப்போதெல்லாம் யாரும் போடுவதில்லை. வலது கீழ் மூலை முழுக்க விளக்குப் புகை படிந்து கறுத்துப்போயிருக்கிறது. சட்டத்தில் கண்ணாடி இல்லை.

மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “பழசு மாதிரிதான் இருக்கு. நீ குறிப்பு எழுது. கமிட்டிக்கு வைக்கலாம்” என்றார். எனக்கு ஒரு முழு ஓவியம்! யாரோ என் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்த மாதிரி இருந்தது.

மே 26, திங்கள்

சுலோசனாம்மா தினமும் அலுவலகத்துக்குப் போன் செய்கிறார். குரல் இன்னும் ஆபரேட்டர் குரல்தான். ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கிறது.

“என்னம்மா வெண்ணிலா, பாத்துட்டியா? பழசுதானே?”

“இன்னும் பாக்கறேம்மா. நீங்க கவலைப்படாதீங்க. பழசில்லாமலும் இருக்கலாம்.”

 “ஏன் அப்படிச் சொல்ற? நல்லாப் பாரு” என்று வைத்துவிட்டார். எந்தப் பதிலைக் கேட்டாலும் வருத்தப்படுவார் போல.

பல்கலைக்கழக நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பச்சை பழைய படங்களில் இருக்கிறது. முகமும் பொருந்துகிறது. யசோதையின் விரல்கள் மட்டும் பொருந்தவில்லை. பழைய படங்களில் விரல்கள் ஒரே வளைவாக, மீன் மாதிரி இருக்கும். இந்த யசோதைக்கு மூட்டுகள் இருக்கின்றன. புகைப்படம் பார்த்துப் பழகிய கண் வரைந்த விரல் அது. ஆனால் ஒரு விரலை வைத்து என்ன சொல்வது?

மே 29, வியாழன்

சட்டத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கண்ணாடி உட்காரும் பள்ளம் சுத்தமாக இருக்கிறது. வெளியே ஒட்டடை, உள்ளே தூசியே இல்லை. அப்படியானால் கண்ணாடி சமீபத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. நேற்றுவரை கண்ணாடிக்குள் இருந்த படத்தில் புகை எப்படிப் படியும்? படிந்தாலும் ஒரு மூலையில் மட்டும் எப்படிப் படியும்? விளக்கு வைக்கிற இடம் கண்ணனுக்கு நேரே அல்லவா இருக்கும்?

முகர்ந்து பார்த்தேன். மேடம் பார்த்துவிட்டார். “உங்க யுனிவர்சிட்டில இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?”

கற்பூர வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் வந்தன.

ஹேமா இன்று கேட்டாள்: “கல்கத்தாவுக்கு என்ன எழுதின?” இன்னும் எழுதவில்லை என்றேன். மாட்டேன் என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும், என்ன அவசரம்.

ஜூன் 2, திங்கள்

மூலையை ஓர் ஓரத்தில் மட்டும் துடைத்துப் பார்க்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றார் மேடம். முரளிதர் உடனே எழுதி அனுப்பிவிட்டார். சிறிது நேரத்தில் சுலோசனாம்மாவின் போன்: “அதையெல்லாம் துடைக்கக் கூடாதும்மா. சாமி படம். பாவம்.” மகன் சம்மதித்துவிட்டதாகச் சொன்னேன். “அவனுக்கு என்ன தெரியும்” என்றார்.

ஜூன் 4, புதன்

மேடம் இன்றிலிருந்து வாரக் கடைசிவரை விடுப்பு, மகளுக்குக் கல்லூரி அட்மிஷன். நான் மட்டும்தான் இருந்தேன்.

உலர்ந்த பஞ்சைக் குச்சியில் சுற்றி, மூலையின் ஓரத்தை மெல்லத் தொட்டேன். பழைய புகை இப்படி வராது, அது கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். இது வழவழவென்று பஞ்சோடு வந்துவிட்டது. பஞ்சை என் புறங்கையில் தேய்த்தேன். கண்மை. வீட்டில் விளக்குச் சுடரில் பிடித்துச் செய்கிற கண்மை.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கறுப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு பெண்ணின் கூப்பிய கை வந்தது. பக்கத்தில் ஓர் ஆணின் கை. அந்தக் கையில் சதுர முகம் வைத்த கைக்கடிகாரம். அதற்கு மேல் அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. வழுக்கைத் தலை. படத்தை வரையச் சொன்ன தம்பதி, கண்ணனை வணங்கி நிற்கிறார்கள்.

 தஞ்சாவூர் அரண்மனையாவது, இருநூறு வருடமாவது! இந்தச் சட்டைக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் சுதந்திரத்துக்குப் பக்கத்துக் காலம்தான். எண்பது வயதுகூட ஆகாத படம். தாராளமாகக் கனடாவுக்குப் போகலாம்.

உடனே சுலோசனாம்மாவுக்குப் போன் செய்து சந்தோஷச் செய்தி சொன்னேன். “படம் பழசில்லம்மா! உங்களோட வரும்!” என்றேன்.

“துடைச்சுட்டியா?” என்றார். பிறகு, “சனிக்கிழமை பெரம்பூர் வர்றியா? மேட்ச் இருக்கு. வா, பேசலாம்” என்றார்.

என்ன மேட்ச்?

ஜூன் 7, சனி

கேரம் மேட்ச்.

பெரம்பூரில் ஒரு சந்துக்குள், மாடியில், தகரக் கூரை போட்ட கூடம். நாலைந்து பலகைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்குகிற விளக்கு, எங்கும் பவுடர் வாசனை. இளைஞர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடப் பெண்கள். நடுவில் சுலோசனாம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் மகனுக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா இவர்தான் என்று நம்ப முடியவில்லை. எதிரே இருந்தவன் தாடி வைத்த ஆள். சுலோசனாம்மா சிவப்புக் காயைப் போட்டு, கூடவே ஃபாலோ காயையும் போட்டு, “எழுந்திருப்பா, அடுத்த ஆளு வரட்டும்” என்றார். கூடமே கைதட்டியது.

பிறகு கீழே கடையில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

“அம்மா, அது கண்மை” என்றேன்.

“ஆமா. வீட்ல பண்ணதுதான். கடை மை பளபளன்னு காட்டிக் குடுத்துடும்னு நெனச்சேன்.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அது எங்க மாமனார். ரயில்வேயில ஃபோர்மேன். ரொம்ப வருஷம் கழிச்சு எங்க வீட்டுக்காரர் பொறந்தார், நாப்பத்தாறுல. அந்த சந்தோஷத்துல ஆள் வச்சு வரையச் சொன்ன படம். வாட்ச் கட்டாம நிக்க மாட்டேன்னாராம்.”

“அப்ப எதுக்கும்மா பழசுன்னு…”

“நான் போகலம்மா. எனக்குப் போக இஷ்டமில்ல.”

நான் ரோஸ்மில்க்கைக் கீழே வைத்தேன்.

“டிசம்பர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். அவன் அங்க துடிச்சுப் போயிட்டான். அன்னிலேருந்து தினம் போன், வந்துடு வந்துடுன்னு. நல்ல பிள்ள. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. படம் வந்தா வரேன்னு சொன்னேன். பழசா இருந்தா விடமாட்டாங்கன்னு எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இவங்களே நிறுத்திடுவாங்க, நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு பாத்தேன்.” மேலே கூடத்திலிருந்து காய்கள் சிதறும் சத்தம் கேட்டது. “எக்ஸ்சேஞ்சுல எத்தனை பேருக்கு லைன் போட்டுக் குடுத்திருக்கேன். என் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல பாரு.”

என் கையைப் பிடித்தார். “பழசுன்னு எழுதிடேன். யாருக்கு என்ன நஷ்டம்? படமும் இங்கேயே இருக்கும், நானும் இருப்பேன்.”

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு டம்ளரை எடுத்தேன்.  பேச்சை மாற்றுவதற்காக அவரே, “படிச்சு முடிச்சு எங்க போகப் போற?” என்று கேட்டார். கல்கத்தா வேலையைப் பற்றிச் சொன்னேன். அப்பாவை விட்டுப் போக முடியாததால் வேண்டாமென்று சொல்லப் போவதையும் சொன்னேன்.

“அப்பா போகாதேன்னாரா?”

“அவருக்குத் தெரியாதும்மா. சொல்லல.”

அவர் என்னையே பார்த்தார். “எனக்குப் படம். உனக்கு அப்பாவா?” என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் கணக்கு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இரண்டும் ஒன்றில்லை. என் விஷயம் வேறு.

வரும் வழியில் பெரம்பூர் கடைத்தெருவில் ஒரு கண்மை டப்பி வாங்கினேன். கண்ணுக்குத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். ஹேமாவின் வங்கித் தேர்வுப் புத்தகத்தில் வட்டிக் கணக்குகள் போட்டுப் பார்த்தேன். மூன்று தப்பு.

மேடம் அந்த மூலையை இன்னும் பார்க்கவில்லை. துடைத்த பிறகு எடுத்த புகைப்படம் என் போனில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு விரலளவு மை போதும். கமிட்டியில் யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள்.

சும்மா எழுதிப் பார்க்கிறேன்.

ஆனால் அந்த மனிதர் ஆசைப்பட்டுக் கடிகாரம் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளைக்காக. அவரை நான்தான் வெளியே கொண்டுவந்தேன். மறுபடியும் கறுப்புக்குள் தள்ளுவதா? தள்ளிவிட்டு அடுத்த படத்தை எந்தக் கண்ணால் பார்ப்பேன்?

கண்மை டப்பியை ஹேமாவிடம் கொடுத்துவிட்டேன். “என்ன திடீர்னு?” என்றாள்.

ஜூன் 9, திங்கள்

குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். சட்டை, கடிகாரம், விரல் மூட்டுகள், எல்லாம். கண்மையையும் எழுதினேன். மேடம் படித்துவிட்டு, படத்தின் முன்னால் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் பேனாவை நீட்டினார்.

“கண்மைன்னு போடாத. ‘மேற்பரப்பில் படிந்த கரி’ன்னு போடு. கரிதானே?”

கரிதான்.

பெரம்பூர் போனதையும் சொன்னேன். “விண்ணப்பதாரரோட ரோஸ்மில்க் குடிச்சியா?” என்று மட்டும் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

பிறகு சுலோசனாம்மாவுக்குப் போன் செய்தேன். “அம்மா, உள்ளது உள்ளபடி எழுதிட்டேன். வியாழக்கிழமை கமிட்டி. சான்றிதழ் கெடைச்சுடும். அதுக்கு முன்னாடி நீங்க சார்கிட்ட…”

“சரிம்மா.” அவ்வளவுதான். அவர் போனை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கமிட்டியில் மூன்று பேர். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, “அட, புஷ் ஷர்ட்!” என்று சிரித்தார். என் குறிப்பை மற்ற இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. படம் பழம்பொருள் அல்ல என்று கையெழுத்தாயிற்று.

வெளியே வராந்தா பெஞ்சில் அம்மாவும் மகனும் காத்திருந்தார்கள். முரளிதர் சான்றிதழைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அம்மா, குடுத்துட்டாங்க!” என்றார்.

சுலோசனாம்மா எழுந்து நின்றார். பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டார்.

“முரளி, படத்த நீ எடுத்துட்டுப் போ. நான் வரல.”

அவர் சிரித்தார். அம்மா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்.

“நெஜமாத்தான் சொல்றேன். நீ கேட்டப்பல்லாம் சரின்னு சொன்னேன். எனக்கு இஷ்டமில்ல. குளிருக்காக இல்ல. உன் பொண்டாட்டிக்காகவும் இல்ல, அவ தங்கமான பொண்ணு. எனக்கு இங்க இருக்கணும். அவ்ளோதான்.”

“டிக்கெட் போட்டாச்சும்மா. வீடு வாங்கறவங்ககிட்ட பேசியாச்சு.”

“தெரியும்.”

“திரும்ப விழுந்தா?”

“எழுந்துப்பேன். முடியலைன்னா போன் பண்ணுவேன்.”

“போன் கைக்கு எட்டலைன்னா?”

  ஜெசிந்தா மேடம் வாசல்வரை வந்தவர் அப்படியே உள்ளே திரும்பிவிட்டார். சுலோசனாம்மா பார்வையைக் கீழே இறக்கவில்லை.

முரளிதர் என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. “நீங்க ஏதாவது சொன்னீங்களா இவங்ககிட்ட?”

“கரியத் துடைச்சது நான்தான் சார். வேற எதுவும் சொல்லல.”

“என்ன கரி?”

உள்ளே அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். லென்ஸ் கேட்டார். கொடுத்தேன். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, “உங்க தாத்தாடா” என்றார்.

“போட்டோல எல்லாம் தலைப்பாகையோட இருப்பாரே.”

“வழுக்கைய மறைக்கத்தான்.”

முரளிதரின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. முன்பக்கம் அவருக்கும் ஏறிவிட்டது. “கீழ, இந்த எடத்த மறைச்சுட்டு எப்பவும் மாலை தொங்கும்” என்று என்னிடம் சொன்னார். “இத்தனை வருஷம் இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டிருக்கேன். ஒருநாள்கூடப் பாத்ததில்ல.”

இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனார்கள். பேசிக்கொண்டார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை.

ஜூன் 14, சனி

அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

“அப்பா, கல்கத்தாவுல ஒரு மியூசியத்துல ரெண்டு வருஷம் வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குள்ள சொல்லணும்.”

“எப்பத் தெரியும்?”

“போன மாசம்.”

“ஒரு மாசமா வாய்க்குள்ளயே வெச்சுட்டு இருந்தியா?”

“நீங்க தனியா இருக்கீங்கன்னு…”

“என்னைய எதுக்குக் கண்ணு நடுவுல இழுக்கறே? நாந் தனியாவா இருக்கறேன்? காலைல அஞ்சு பேரு வந்து கதவத் தட்றானுங்க.” பிறகு கேட்டார்: “உனக்குப் பயமா இருக்குதா?”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “ஆமாப்பா” என்று வந்தது. பாஷை தெரியாது. ஒருவரையும் தெரியாது. இங்கே கண்டுபிடித்ததெல்லாம் தற்செயல், அங்கே போய் ஒன்றுமே தெரியாமல் நின்றால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீ போறது எனக்கும் புடிக்கலதான். அது வேற. புடிக்கலேன்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்குது, போறதுக்கு உனக்கு இருக்குது.” பிறகு குரல் மாறியது. “கல்கத்தாவுக்கு முட்டை லோடு எத்தன அனுப்பிச்சிருப்பேன்! அந்த ஊர ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. நீ போனீன்னா நானும் வந்து பாப்பேன்.”

அப்பாவுக்கு இப்படியோர் ஆசை இருந்தது எனக்குத் தெரியாது. எத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்தோம்.

வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகும் பயம் போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

முரளிதர் நேற்று படத்தோடு கிளம்பிவிட்டாராம். சுலோசனாம்மா போனில் சொன்னார். வீடு வாங்க இருந்தவர்களுக்குக் கோபம். மகனுக்கும் கோபம்தான், கடைசி மூன்று நாள் சரியாகப் பேசவில்லையாம். ஆனால் அந்த மூன்று நாளும் ஆளை வைக்காமல் தானே டிரில்லிங் மெஷின் வாங்கிவந்து, பாத்ரூம் சுவர் முழுக்கக் கைப்பிடிகள் போட்டிருக்கிறார். “குரங்குக்கு வச்ச மாதிரி வச்சிருக்கான்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று, “ஏர்போர்ட்ல கட்டிப்பிடிச்சு அழுதுட்டான்மா” என்றார்.  நான் போனை வைக்காமல் இருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

கல்கத்தா. மழை. முதல் நாள்.

சேமிப்பு அறை ஒரு தெரு நீளத்துக்கு இருக்கிறது. இரும்பு அலமாரிகள், ஈரத்தை உறிஞ்சும் மெஷினின் இரைச்சல். பொறுப்பாளர் மித்ரா என்பவர் ஒரு தட்டில் ஒரு பொருளை வைத்து என் முன்னால் நகர்த்தினார். யாருக்கும் என்னவென்று தெரியவில்லையாம், முடிந்தால் பார் என்றார்.

முழங்கை நீளக் கருப்பு மரம். ஒரு முனையில் பறவைத் தலை, மறுமுனையில் தேய்ந்துபோன வழவழப்பு. நடுவில் ஒரு துளை, துளையின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கிறது. கயிறு போயிருக்க வேண்டும். எதை இழுத்த கயிறு? பறவைக்குக் கண் இல்லை, கண் இருந்த இடத்தில் பசைத் தடம் இருக்கிறது. மதியச் சாப்பாடு மறந்துபோனது. யாரோ வந்து தோளைத் தொட்டபோதுதான் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்தது.

மாலையில் அனுமதி கேட்டு ஒரு புகைப்படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். சாப்பிட்டாயா, அறை எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

“அதென்ன கண்ணு அது? அடிப்பக்கம் எப்புடி இருக்குது?”

“தெரியலப்பா. நாளைக்குத்தான் திருப்பிப் பாக்கணும்.”

“இன்னிக்கே பாத்திருக்கலாமல்லோ?” என்றார் அப்பா.